யூனிஃபார்ம் இல்லாத படிப்பு

என்னை மலேசியாவின் ஈப்போ நகருக்கு அனுப்பிவைத்தது ரப்பர். ஆஸ்திரேலியாவில் நான் படித்துக்கொண்டிருந்த பட்டப்படிப்பில் கடைசி வருஷத்துக்கென்று ஒரு நிபந்தனை இருந்தது. நாடு விட்டு நாடு போகிற பொருள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அது புறப்படுகிற இடத்துக்கே போய், கொஞ்ச நாள் தங்கிப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுத வேண்டும். பிறகு பொருளாதார ஆசிரியர் ஒருவர், சரித்திர ஆசிரியர் ஒருவர், சட்டம் சொல்லித்தருகிறவர் ஒருவர் என்று மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். மூவரும் தலையாட்டினால்தான் பட்டம். வகுப்பில் ஒருவன் கம்பளியை எடுத்துக்கொண்டான், ஒருத்தி சர்க்கரையை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஈப்போ இருக்கிற பேராக் மாநிலத்தில் சொந்தக்காரர்கள் இருந்ததால் ரப்பர் வந்து ஒட்டிக்கொண்டது.

படிப்பின் பெயர் சர்வதேச விவகாரங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் அந்தப் பெயரைச் சொன்னால் என் அப்பாவின் சிநேகிதர்கள் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொள்வார்கள். விவகாரம் என்றாலே வம்பு என்பது அவர்கள் நினைப்பு. ஸ்காலர்ஷிப் கிடைத்ததால் போனேன். போன பிறகுதான் அந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே விஷயத்தைக் காலையில் கணக்காகவும் மத்தியானம் சரித்திரமாகவும் சாயங்காலம் சட்டமாகவும் பார்ப்பார்கள். இடையில் மலாய் மொழி வகுப்பு வேறு. இதையெல்லாம் ஊரில் யாரிடமும் இவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஈப்போ ரயில் நிலையத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டேன். வெள்ளைக் கும்மட்டங்களோடு அரண்மனை மாதிரி நிற்கிறது. வெளியே வந்தால் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், தலையில் செடி முளைத்து, திடீர் திடீரென்று எழுந்து நிற்கின்றன. திருச்சிக்காரிக்கு ஊருக்கு நடுவே பாறை இருப்பது புதிதல்ல. ஆனால் எங்களுக்கு ஒரு மலைக்கோட்டைதான். இங்கே எண்ணி மாளவில்லை.

சவரிமுத்து மாமா பழைய காரோடு வந்திருந்தார். என் அம்மாவின் பெரியப்பா மகன். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்தவர். அன்று லீவு போட்டிருந்தும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, பளபளவென்ற சப்பாத்து. "யூனிஃபார்ம்ல வந்தா கார் நிறுத்த எடம் குடுப்பாங்க லா," என்றார். உண்மையில் யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

வீடு புந்தோங்கில். கோவில் மணியும் மோட்டார்சைக்கிள் சத்தமும் ஒன்றையொன்று விடாமல் துரத்திக்கொண்டிருக்கிற தெரு. லூர்து அத்தை வாசலிலேயே என் கன்னத்தைத் தடவி, "எலும்பா இருக்கியே, அங்க ஆட்டுக்கறியத் தவிர ஒண்ணும் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டு, வாழையிலையில் மடித்த நாசி லெமாக்கை நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பக்கத்தில் நெத்திலிச் சம்பல். கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் ஒரு காரணம். இரண்டு வருஷமாக ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்குமாக இருந்தது இன்னொரு காரணம். இன்றைக்கும் அந்தக் கைக்கு நான் கடன்பட்டவள்.

அவர்களுக்கு ஒரே மகள், ரீத்தா. நம் பிளஸ் டூ மாதிரியான ஆறாம் படிவத்தை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். என் பெட்டியை வாங்கிக்கொண்டு போகும்போதே மேலே இருந்த புத்தகத்தின் பெயரைப் படித்துவிட்டாள் என்பதைக் கவனித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லு பிலோமி. நீ படிக்கிற படிப்பு என்னா படிப்பு?"

நான் சிரித்தபடி, "பெரிசா ஒண்ணும் இல்ல மாமா. எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம்," என்றேன்.

"முடிச்சா என்னா வேல?"

"ஏதாவது கிடைக்கும் மாமா. பார்க்கணும்."

"அந்த வேலைக்கி என்னா யூனிஃபார்ம்?"

"யூனிஃபார்ம்லாம் கிடையாது."

மாமா "ம்" என்றார். அத்தை சமையலறைக் கதவருகே நின்று ரீத்தாவைப் பார்த்தார். ரீத்தா தட்டுகளை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போனாள். பயணக் களைப்பில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் பத்து காஜாவில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப் பிள்ளை. தனியாகப் போய்விடுவேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் ஒரு வண்டிக்காரரிடம் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டேன். வறுத்த கடலை, முறுக்குத் துண்டு, பட்டாணி எல்லாம் கலந்து காகிதச் சுருளில் தருவது. அதைக் கொறித்துக்கொண்டே முன்னால் போன கும்பலோடு கும்பலாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் நடத்துநர் அம்மாள் வந்தார்.

வகுப்பில் இரண்டு வருஷம் கற்ற மலாய் மொழியைப் பிரயோகிக்க இதுதான் சமயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மதிப்புக்குரிய அம்மையே, இப்பேருந்து பத்து காஜா நகரைச் சென்றடையும் நேரம் யாதோ?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "ரேடியோ செய்தி வாசிக்கிற பெண்ணா நீ? இது பத்து காஜா போகாது. எதிர்த் திசையில் போகிறது. தஞ்சோங் ரம்புத்தான்," என்றார்.

அந்த ஊர்ப் பெயரை பேராக் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. யாராவது கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசினால் உடனே அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்வார்கள். பக்கத்து இருக்கைச் சீனப் பாட்டி என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஓர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்தார். நான் நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தாரா, நான்தான் நோயாளி என்று நினைத்தாரா, தெரியாது. சுளை இனிப்பாக இருந்தது.

மாமா வேலை பார்க்கிற இடம்தானே, அங்கேயே இறங்கி அவரோடு திரும்பிவிடலாம் என்று தீர்மானித்தேன். வாசல் காவலாளி சொல்லியனுப்ப, மாமா வந்தார். பெரிய மரங்களும் புல்தரையுமாக, நான் பயந்ததற்கு மாறாக அமைதியான இடம். வேலை முடிகிற வரை அவருடைய சக ஊழியர்களோடு தேநீர்க் கடையில் உட்கார வைத்தார். "என் மருமக. ஆஸ்திரேலியாவுல படிக்குது," என்று சொன்னபோது அவருடைய குரலில் பெருமை இருந்தது.

மீசைக்கார அட்டெண்டன் ஒருவர், "என்னாம்மா படிக்கிற?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பெரிசா இல்லண்ணே. பொருளாதாரம் கொஞ்சம், சரித்திரம் கொஞ்சம், சட்டம் கொஞ்சம். எதுவும் முழுசா இல்ல."

"அப்ப சரியான எடத்துக்குத்தான் பஸ் ஏறி வந்திருக்க," என்றார் அவர். மேஜையே குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அன்று சாயங்காலம் கொல்லைப்புறக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ரீத்தா, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா. உங்களுக்கு அந்தப் படிப்பு பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்குமே."

"பின்ன ஏன்க்கா அப்பாகிட்ட அப்பிடிச் சொன்னீங்க? நேத்தும் சொன்னீங்க, இன்னிக்கும் அவரு கூட்டாளிங்க முன்னாடி சொன்னீங்களாம்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவளுக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில், நான் படிக்கிற ஊரில் இல்லை, வேறொரு ஊரில், இதே படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்திருந்தன. மாமாவுக்கு மகளை நர்ஸாக்க ஆசை. நர்ஸ் பயிற்சிக்கான நேர்முகம் வருகிற திங்கட்கிழமை. பெயர் கொடுத்தாயிற்று. ரீத்தா அழுது, அத்தை கெஞ்சி, கடைசியில் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "பிலோமி வருது இல்ல. அது அந்தப் படிப்பத்தான் படிக்குது. அது சொல்றத வச்சி முடிவு பண்ணுவோம்."

நான் அவர்களை ஆராய்ச்சி செய்ய வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீடு என்னைப் பரீட்சை எழுத வைத்திருக்கிறது. வந்த இரண்டே நாளில் இரண்டு தாளிலும் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் வளர்ந்த விதம் அப்படி. வகுப்பில் முதலாவதாக வந்தாலும் "ஏதோ பாஸ் பண்ணிட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். பத்து வகை சமைத்து வைத்துவிட்டு "ஏதோ இருக்கிறதை வச்சு" என்பார் என் அம்மா. கேட்கிறவரும் அதை நம்ப மாட்டார். அப்படிச் சொன்னால்தான் மரியாதை என்று இரண்டு பக்கமும் தெரியும். இதை நான் லூர்து அத்தையிடம் சொல்லி அசடு வழிந்தபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரு தீம்பார்ல வளந்தவரு கண்ணு. ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டிட்டு வந்து ஸ்டோர்ல நிறுக்கிறப்ப, எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் சொல்லுவாங்க. கூட்டிச் சொன்னா தராசு காட்டிக் குடுத்துரும். கொறச்சிச் சொல்றதுக்கு யாருக்கும் பைத்தியம் பிடிக்கல. அன்னிக்கிச் சம்பளமே போயிருமே. நீ கொஞ்சம்னு சொன்னா அவருக்குக் கொஞ்சம்தான்."

"இப்பவே போய்ச் சொல்லிடறேன் அத்தை."

"இப்ப சொன்னா ரீத்தா சொல்லிக் குடுத்திச்சின்னு நெனப்பாரு. அவரே கேக்கட்டும்."

அவர் கேட்கவேயில்லை. அதுதான் அந்த வாரத்தின் வேதனை. காலையில் நம் பரோட்டா மாதிரியான ரொட்டிச் சானாய் வாங்கி வருவார். பக்கத்துத் தம்பூனில் விளைகிற பொமலோவை, நம் பம்பளிமாஸ் பழத்தை, உரித்துச் சுளை சுளையாக எடுத்துத் தட்டில் வைப்பார். ஒரு சாயங்காலம் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போய், அவித்த கோழியும் குட்டைக் குட்டையான பயற்றுமுளையும் வாங்கித் தந்தார். அந்தப் பயற்றுமுளை அவ்வளவு பருமனாக வளர ஈப்போத் தண்ணீர்தான் காரணமாம். இத்தனை அன்பாக இருந்தவர், என் படிப்பைப் பற்றி மட்டும் அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுடைய வெள்ளை ரவிக்கையும் கறுப்புப் பாவாடையும் திங்கட்கிழமைக்காக இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கின.

ரீத்தா என்மேல் கோபத்தை வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது. எங்கே போனாலும் கூடவே வந்தாள். பத்து காஜாக் கிராணி வீட்டுக்கும் வந்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் டாக்டர்களான தம் இரண்டு மகன்களைப் பற்றிச் சொன்னார். "பிள்ளை, உது படிச்சா அம்பாசிடராய் வருவியளோ?" என்று என்னைக் கேட்டார். பட்ட அடியில் புத்தி வந்திருந்ததால், ஒரு பொருளின் விலையும் அதைச் செய்கிற மனிதர்களின் உரிமையும் எப்படி இரண்டு மூன்று நாடுகளில் தீர்மானமாகின்றன என்று படிப்பதாக நிமிர்ந்து சொன்னேன். அவர் மெச்சினார். வெளியே வந்ததும் ரீத்தா, "இத எங்க அப்பா முன்னாடி சொல்லியிருக்கலாம்," என்றாள்.

மத்தியானங்களில் நான் கொண்டுபோன புத்தகங்களை அவள் வாங்கிப் படிப்பாள். படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். "இதுல வெலையப் பத்தி போட்டிருக்கு, சட்டம் வேற புக்ல இருக்கு. ரெண்டையும் சேத்து ஏன் ஒருத்தரும் எழுதல?" என்று கேட்டாள். என் ஆசிரியர் முதல் வகுப்பில் கேட்ட கேள்வி அது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கூடவே, என் வாயால் இவளுக்கு இது கிடைக்காமல் போகப்போகிறதே என்ற நினைப்பும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாமா பிறந்த தோட்டத்துக்கு நாங்கள் நால்வரும் கிளம்பினோம். மறுநாள் நேர்முகம்.

வழியில் மாமா என்னிடம் கேட்டார். "எங்க அக்கா எப்பிடி இருக்கு?"

அவருடைய அக்கா அந்தோணியம்மா எங்கள் ஊரில்தான் இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் மலேசியாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். ஊரில் அவருக்குப் பெயரே மலாயாக்காரம்மா. இன்னமும் கஷ்டம் என்று சொல்ல மாட்டார், மலாயில் 'சுசா' என்றுதான் சொல்வார். இதைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டினார்.

தோட்டத்தில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், பட்டையில் வெட்டுத் தழும்போடு. மறுபக்கம் மரங்களைச் சாய்த்து, மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். வீடமைப்புத் திட்டம் என்று பெரிய பலகை. அதில் வரைந்திருந்த வீட்டின் முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. பலகைக்குப் பின்னால், தொழிலாளர்கள் குடியிருக்கிற நீண்ட லயத்து வீடுகள். அவற்றைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்.

மாமா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் கூடிவிட்டார்கள். பிஸ்கட், கட்டித் தேநீர், சிறு பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரியவர்கள். காளியப்பன் என்று ஒருவர், அங்கேயே பிறந்து அங்கேயே பால் வெட்டுகிறவர், என்னிடம் கேட்டார்.

"பாப்பா, நீ வெளிநாட்டுல சட்டமெல்லாம் படிக்கிறியாம். எங்க தீம்பார வித்தது யாரு? முன்ன தொர இருந்தாரு. அப்புறம் மேனேஜரு வந்தாரு. கேட்டா நான் விக்கலங்கிறாரு. யாரப் போயிக் கேக்கிறது?"

நான் ஆரம்பித்தேன். உலகச் சந்தை என்றேன், மூலதனம் என்றேன், பண்ட விலைகளின் ஏற்ற இறக்கம் என்றேன். பஸ்ஸில் பேசிய மலாய் மாதிரியே இருந்தது என் தமிழும். ஓர் அம்மாள் பூசையில் பிரசங்கம் கேட்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்கே புரிந்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அப்போது ரீத்தா எழுந்தாள்.

"அண்ணே, நான் சொல்லிப் பாக்கட்டா? நம்ம பாலு ரப்பராகி கப்பல் ஏறிப் போவுது இல்ல, அதுக்கு வெல சொல்றது நாம இல்ல, வாங்குறவன். இப்ப அவன் எண்ணெயிலேருந்தே ரப்பர் செஞ்சிக்கிறான். அதனால நம்ம பாலுக்கு வெல ஏற மாட்டேங்குது. ஆனா ஈப்போ பெருசாயிட்டே வருது, வீடு கட்ட நெலம் வேணும். இந்த மண்ணுல மரம் நிக்கிறதவிட வீடு நின்னா லாபம். தோட்டம் ஒரு இங்கிலீஷ் கம்பெனியோடது. அந்தக் கம்பெனியோட பங்க கோலாலம்பூர் ஆளுங்க வாங்கிட்டாங்கன்னு பேப்பர்ல வந்திச்சி. மேனேஜர் சொல்றது பொய் இல்ல. அவரு விக்கல. அங்க தூரத்துல கை மாறிடுச்சி."

"அப்ப எங்க வீடு?" என்றார் காளியப்பன்.

"அது சட்டத்துல வருதுண்ணே. லயத்து வீடு வேலையோட சேந்தது. வேல போனா வீடும் போச்சி. அதனால வேல இருக்கிறப்பவே பேசணும். ஒவ்வொருத்தரா போனா ஏதாச்சும் குடுத்து அனுப்பிடுவாங்க. எல்லாரும் ஒண்ணா தொழிலாளர் ஆபீசுக்குப் போயி, காலி பண்றதுக்கு முன்ன எங்களுக்கு வீடு குடுன்னு கேக்கணும். கெடைக்கும்னு நான் சொல்லல. காலி பண்ணிட்டா கேக்கவே முடியாது, அது மட்டும் நிச்சயம்."

பேச்சு சலசலவென்று பரவியது. இரண்டு பேர் மற்ற லயத்தாரையும் கூப்பிட எழுந்து போனார்கள். யார் யார் ஆபீசுக்குப் போவது என்று பெண்கள் பக்கம் விவாதம் தொடங்கியது. நான் படித்த மூன்று பாடமும் அவளுடைய நாலு வாக்கியத்தில் இருந்தன. மனது நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

பின்பக்கச் சுவரோரமாக நின்றிருந்த மாமா குரல் கொடுத்தார். மகளை எல்லார் முன்னாலும் கேட்டார்.

"எங்க அக்காவும் இந்த லயத்துலதான் பொறந்திச்சி. நானும் இங்கதான் பொறந்தேன். எனக்கு நீல ஐசி, அதுக்குச் செவப்பு ஐசி. ஏன்?"

விவாதித்துக்கொண்டிருந்த பெண்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் குடிமகன், சிவப்பு வைத்திருந்தவர் இல்லை. அந்த அறையில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

"சுதந்திரம் வந்தப்ப பதிஞ்சவங்களுக்கு நீலம் கெடச்சிதுப்பா. நீங்க ஸ்கூல்ல இருந்தீங்க, வாத்தியாரு கூட்டிட்டுப் போயிப் பதிஞ்சிட்டாரு. அத்தை காட்டுல பால் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. யாரும் கூட்டிட்டுப் போகல. அப்புறம் செவப்பு ஐசிக்காரங்க வேல செய்ய பெர்மிட் வேணும்னு சட்டம் வந்திச்சி. பெர்மிட் கெடைக்காதவங்களுக்கு வேல போச்சி. வேல போனதும் வீடும் போச்சி. கப்பல் ஏறிட்டாங்க."

"அது தெரியும். பொறந்த எடத்துலேருந்து ஒருத்தர அனுப்புறப்ப, இந்தியா அரசாங்கம் என்னா கேட்டிச்சி, இங்க உள்ள அரசாங்கம் என்னா சொல்லிச்சி? ரெண்டும் அக்காவப் பத்தி ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா இல்லையா?"

ரீத்தா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அது எனக்குத் தெரியலப்பா. அதத் தேடிப் போயிப் படிச்சாத்தான் தெரியும்."

மாமா வெளியே போய்க் காரைத் திருப்பி நிறுத்தினார்.

திரும்பி வரும்போது நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அத்தையும் ரீத்தாவும். பத்து காஜாவைத் தாண்டினோம். முன்பு ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. புந்தோங் நெருங்குகிற சமயத்தில் மாமா சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிலோமி, அங்க குளிருமா?"

வழக்கம் போல 'ஏதோ கொஞ்சம்' என்று சொல்ல வாய் போயிற்று. அடக்கிக்கொண்டேன்.

"நல்லா குளிரும் மாமா. ரெண்டு ஸ்வெட்டர் கட்டாயம் வேணும். ஆனா அது நல்ல படிப்பு. ரொம்ப நல்ல படிப்பு. நான் நல்லா படிக்கிறேன் மாமா, வகுப்பில நான்தான் முதல். ரீத்தா என்னைவிட நல்லா படிப்பா."

என் வாழ்நாளில் நான் அடித்துக்கொண்ட முதல் தம்பட்டம் அது. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

மாமா வண்டியை மெதுவாக்கி வீட்டுத் தெருவில் திருப்பினார்.

"நாளைக்கி ரீத்தா வர வேணாம்," என்றார். "நானே நர்ஸிங் ஆபீசுக்குப் போயி, பொண்ணு வேற படிக்கப் போவுதுன்னு சொல்லிட்டு வாரேன்."